சும்மா வீட்டில் இருந்தவர்

அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன பண்ணிட்டிருந்தாரு?" வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"மில்லுல இருந்தாரு. அப்புறம் சும்மா வீட்டுலதான் இருந்தாரு."

முதலில் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு டெய்லரிடமும் அவர் அதையே சொன்னபோது எழுந்து வெளியே வந்தேன்.

"சும்மா இல்ல மாமா. அப்பா டெவாப்ஸ் என்ஜினியர்."

"எந்தக் கம்பெனில?"

நான் வாயைத் திறந்து மூடினேன்.

"வேலை கிடைக்கலையேம்மா. கிடைச்சாத்தானே என்ஜினியரு? நான் ஒண்ணும் தப்பா சொல்லல." குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் கூடுதலாக எரிந்தது. டெய்லர் தலையைக் குனிந்து செருப்பைத் தேடினார்.

எந்தக் கம்பெனி என்று இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. விமான நிலையம் உண்டு, விமானம் எப்போதாவது வரும். திரும்பின பக்கமெல்லாம் என்ஜினியரிங் காலேஜ். பிள்ளைகளைப் படிக்கவைத்து வேறு ஊருக்கு ஏற்றிவிடுவதுதான் இங்கே நன்றாக நடக்கும் தொழில். என்னையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். பெரிய நகரத்தில் சாஃப்ட்வேர் எழுதும் வேலை.

அப்பா துணி மில்லில் சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டார். ஜன்னல் இல்லாத அறை. மனிதருக்காக இல்லை, இயந்திரங்களுக்காகப் போட்ட ஏசி. மே மாதத்திலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவார். மில்லில் யாருக்கும் அவருடைய பெயர் வேண்டியிருக்கவில்லை. ஸ்வெட்டர் சார் என்றால் போதும். சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, வாசலில் விரல் வைக்கும் கருவி எல்லாம் அந்த அறையிலிருந்துதான் ஓடின. ஏதாவது நின்றால் திட்டுவார்கள். ஓடினால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மில் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றியது. எங்கோ இருக்கும் இயந்திரங்களை வாடகைக்கு எடுத்தார்கள், இங்கே இருந்தவற்றை எடைக்குப் போட்டார்கள். மேனேஜர் அப்பாவிடம் சொன்னது: "உங்க ரூமே இல்லையே சார், உங்களை எங்க உக்கார வைக்கிறது?"

மதிய வெயிலில் தோளில் ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்தார்.

"கொளுத்துற வெயில்ல இதை ஏன் தூக்கிட்டு வரீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"இனி அங்க குளிராது" என்றார். ஸ்வெட்டரைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் செல்போன் கடை வைத்திருப்பார்கள். மாமா அதற்கு இடம்கூடப் பார்த்துவிட்டார். அப்பா வேறு மாதிரி யோசித்தார். "என் வேலையை எது எடுத்துக்கிச்சோ அதையே கத்துக்கறேன்" என்று எனக்கு போன் செய்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார். அம்மா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. அதனால் வேலை தேடினாலும் இந்த ஊரில்தான் என்பதில் உறுதியாக இருந்தார்.

டெவாப்ஸ் என்றால் என்ன என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை.

"சமையக்கட்டுல சமைக்கிறவங்க இருக்காங்க. அவங்க சாஃப்ட்வேர் எழுதறவங்க. வெளியில சாப்பிட உக்காந்திருக்கவங்க ஜனங்க. சூடு ஆறாம, சிந்தாம, இவங்க செஞ்சதை அவங்ககிட்ட கொண்டு போறது என் வேலை. இலை காலியாச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்ப சப்ளையர்னு சொல்லுங்க. எதுக்கு இங்கிலீஷ்?"

மாமாவுக்கு வேறு அர்த்தம் கிடைத்தது. "டெவாப்ஸா? கடைசில ஆப்பு உங்களுக்குத்தான் மாப்ள." எல்லோரையும்விட அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

பழைய கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு புரோகிராமை வேண்டுமென்றே நிறுத்துவார். அது தானாக எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பேருந்திலிருந்து எனக்கு போன் வரும். "நேத்து நாலு பேரைக் கொன்னேன்டா. எல்லாரும் எழுந்து உக்காந்துட்டானுங்க!" முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்த்திருப்பார். "வெளியில வச்சு இப்படியெல்லாம் பேசித் தொலைக்காதீங்க" என்று பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்கும்.

பிடிவாதக்காரர். நிறையப் பேசுவார். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார். அவரை அறையில் வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைச் சுருக்கமாக முடிக்க முடியாது. ஆனால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் சத்தமே இருக்காது. அம்மா சமையலறையிலிருந்து "ஏங்க, இருக்கீங்களா?" என்பாள். தலை நிமிராமல் "இருக்கேன்பா" என்பார். ஒரு மாலையில் பல முறை இது நடக்கும்.

எங்கள் ஊரில் ஐடி என்றால் ஒரே கட்டடம். பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி போட்டது. மாடிக்கு ஒரு கம்பெனி. எல்லா ஹெச்ஆரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். ஒரு மாடியில் வேண்டாம் என்றால் மதியச் சாப்பாடு முடிவதற்குள் மற்ற மாடிகளுக்கும் தெரிந்துவிடும். அப்பா ஒவ்வொரு மாடியாக ஏறினார். கீழே செக்யூரிட்டிக்கு அவர் நல்ல பழக்கம். விசிட்டர் அட்டையை நீட்டிக்கொண்டே, "வாங்க சார், இன்னிக்கு எத்தனாவது மாடி?" என்பாராம். அப்பா இதை நகைச்சுவையாகத்தான் எங்களிடம் சொன்னார்.

மாடிகளில் அவர் கேட்டவற்றை அப்படியே சொல்கிறேன். "உங்க வயசுக்கு மேனேஜர் போஸ்ட்தான் சார் சரியா இருக்கும். ஆனா உங்களுக்கு மேனேஜர் அனுபவம் இல்லையே." "இந்த டூல்ல பத்து வருஷ அனுபவம் எதிர்பாக்கறோம்." அந்த டூல் வந்தே அத்தனை வருடம் ஆகவில்லை. அதை அப்பா அங்கேயே சொல்லிவிட்டார். அது அவருக்கு உதவவில்லை. "டெவாப்ஸோட சேத்து பிரின்டர், வைஃபை, கேமரா எல்லாம் பாத்துக்குவீங்களா?" இதற்கு மட்டும் சரி என்றார். அங்கேயும் எடுக்கவில்லை.

பேச்சு எப்படித் தொடங்கினாலும் முடிவில் ஒன்று வரும். "ஒரு சின்ன டாஸ்க் தரோம் சார். செஞ்சு அனுப்புங்க."

சின்ன டாஸ்க். இதைத் தட்டச்சு செய்யும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மருத்துவ லேபுகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனி ஒன்று அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஊரில் எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் ரிப்போர்ட் அவர்கள் வழியாகத்தான் போனுக்கு வரும். அந்த நாட்களில் அது அடிக்கடி படுத்துக்கொள்ளும். அவர்கள் அப்பாவுக்குக் கொடுத்த டாஸ்க்: புரோகிராமின் புது வெர்ஷன், வேலை நிற்காமல் லேபுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். எது விழுந்தாலும் தானாக எழுந்திருக்க வேண்டும். மாதிரிக்கு என்று கொடுத்தது அவர்களுடைய சொந்த புரோகிராம். பெயரைக்கூட மாற்றவில்லை.

"அப்பா, இது டெஸ்ட் இல்ல. இது அவங்க வேலை. ஓசில வாங்கறாங்க."

"தெரியுதுடா. ஆனா நிஜமான ஒண்ணைத் தொட்டுப் பாக்க எனக்கு வேற யாரு தருவா?"

வாரக்கணக்கில் உட்கார்ந்தார். அந்த ஏற்பாட்டில் ஒரு காவல்காரப் புரோகிராம் உண்டு. மற்ற ஒவ்வொன்றையும் அது விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால், அது செத்துவிட்டது என்று முடிவு செய்து, கொன்று, புதிதாக எழுப்பும். இந்தத் தொழிலில் இது வழக்கமானதுதான். அப்பா சேர்த்தது வார்த்தைகளை. காவல்காரன் "இருக்கியா?" என்று கேட்கும். மற்றது "இருக்கேன்பா" என்று பதில் சொல்ல வேண்டும். அதே வார்த்தை, எழுத்துக்கு எழுத்து. வேறு எது சொன்னாலும் செத்ததாகத்தான் கணக்கு.

நான் சண்டை போட்டேன். "பதில் வந்தாலே போதும்பா. வார்த்தையை எதுக்கு ஒப்பிட்டுப் பாக்கணும்? நாளைக்கு எவனாவது மாத்தினா எல்லாம் போச்சு."

"கதவு திறந்திருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தமா? வாயைத் திறந்து சொல்லணும்டா."

தொழில் முறையில் பார்த்தால் நான் சொன்னதுதான் சரி. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் மாற்றவில்லை.

அனுப்பினார். அந்தக் கம்பெனி டைரக்டரே போன் செய்து, "சூப்பர் சார், பாத்துட்டு சொல்றோம்" என்றார். அப்பா போனை மேஜையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். குளிக்கப் போனாலும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாதங்கள் கழித்து அப்பாவே போன் செய்தபோது ஹெச்ஆர் சொன்னாள்: "அந்த போஸ்டை ஹோல்டுல வச்சிருக்கோம் சார்."

அப்புறமும் அவர் மற்ற மாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்படிப் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தில் இறந்தார். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். கடைசி ஸ்டாப்பில் எழுப்பிப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு. சட்டைப் பையில் அந்தக் கட்டடத்தின் விசிட்டர் அட்டை இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறார்.

நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். "உன்னை யாருடி வரச் சொன்னா?" என்று அம்மா கத்தினாள். தனியாக உட்கார்ந்து ஒரு தட்டில் சாப்பிடுகிறவளைப் பார்த்த பிறகு திரும்பிப் போக முடியவில்லை. இந்த ஊரில் வேலை வேண்டும். இந்த ஊரில் இருப்பது ஒரு கட்டடம். லேப் கம்பெனி டெவாப்ஸுக்கு ஆள் தேடியது. ஹோல்டில் இருந்த போஸ்ட் இறங்கிவிட்டது போல. என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம் என்று விண்ணப்பித்தேன்.

கீழே செக்யூரிட்டியிடம் அப்பாவின் பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதையும் என் முகத்தையும் பார்த்தார்.

"சார் வரலையாம்மா?"

"இல்லைங்க. இனி வர மாட்டார்."

அவர் பழைய அட்டையை டிராயரில் வைத்தார். எனக்கு ஒரு அட்டை கொடுத்தார்.

மேலே என்னிடம் பேசியவர் டீம் லீட். என் வயதுதான் இருக்கும். ஏசி அறையில் தலைத்தொப்பி வைத்த கறுப்பு ஹூடி போட்டிருந்தார். கேள்விகள் நன்றாகவே கேட்டார், நானும் ஒழுங்காகவே பதில் சொன்னேன். பிறகு சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார்.

"இது எங்க சிஸ்டம். வச்ச நாள்லேருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்ல. மத்த மாடில எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

திரையில் வரிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

இருக்கியா? இருக்கேன்பா.
இருக்கியா? இருக்கேன்பா.
இருக்கியா? இருக்கேன்பா.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவும் மேஜையும் கண்முன் வந்தன. திரையைக் காட்டிக் கேட்டேன்.

"இதை யார் எழுதினது?"

"இன்ஹவுஸ்தான். டீமா சேந்து பண்ணினோம்."

"அந்த வார்த்தை?"

"அதுவா?" சிரித்தார். "யாரோ விளையாட்டுக்குப் போட்டது. பாக்க ஜாலியா இருக்குன்னு விட்டுட்டோம்."

"யாரோ இல்லைங்க. எங்கப்பா."

ஹூடிக்காரரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. எழுந்து போய் டைரக்டரைக் கூட்டிவந்தார். டைரக்டருக்கு அப்பாவை ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட என் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"ஓ, மில்லுல இருந்தாரே? நல்ல மனுஷர். நிறையப் பேசுவாரு."

"அவர் செஞ்சதை எடுத்து ஓட்டிட்டிருக்கீங்க. அவரை எடுக்கல."

"டாஸ்க் மெயில்லயே போட்டிருக்கோம்மா, அனுப்பறது எல்லாம் கம்பெனிக்குத்தான் சொந்தம்னு. அந்த ரூல் எல்லாருக்கும் பொது. அப்புறம், டீமுக்கு செட் ஆகணும் இல்ல? இங்க எல்லாம் சின்னப் பசங்க."

"அவர் எழுதினது மட்டும் செட் ஆயிருக்கே சார்."

அவர் வாட்சைப் பார்த்தார். "இப்ப அவர் எங்க இருக்காரு?"

"இறந்துட்டார்."

"அடடா. ரொம்ப ஸாரிம்மா." தலையை ஆட்டினார். "உங்களுக்கு ஹெச்ஆர் ஒரு சின்ன டாஸ்க் அனுப்புவாங்க" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் சார். இதை அவர்தான் பண்ணினார்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"அப்படிச் சொன்னா நாளைக்கு வேற மாதிரி போகும்மா. நீங்களே படிச்சவங்க. புரிஞ்சுக்குங்க."

படித்தவள்தான். நாளைக்குப் பணம் கேட்டு வந்து நிற்பேன் என்று அவர் பயப்படுகிறார் என்பது நன்றாகப் புரிந்தது. விசிட்டர் அட்டையைக் கழுத்தில் போட்டபடியே பைபாஸ் வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். குடும்பப் பழக்கம்.

அடுத்த நாள் காலை. அம்மா ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு போன்.

"நேத்து பாத்தோமே. டீம் லீட் பேசறேன்." குரல் கம்மியிருந்தது. "எல்லாம் விழுது. எழுந்திருக்குது, உடனே சாகுது, திரும்ப எழுந்திருக்குது. எந்த லேபுக்கும் ரிப்போர்ட் போகல. உங்கப்பா ஏதாவது சொல்லியிருக்காரா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் வர வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன மாத்தினீங்க?"

"காலைல புது வெர்ஷன் போட்டோம். அதுலதான் எங்கேயோ தப்பு, தேடிட்டிருக்கோம்."

"வேற என்ன மாத்தினீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னாரு டைரக்டர். அதுக்குப் பதிலா ஓகேன்னு வச்சோம்."

அப்பாவின் தடயத்தை அழித்திருக்கிறார்கள். அதுவும் அரைகுறையாக. பதில் சொல்லும் இடத்தில் மாற்றியவர்கள் காவல்காரனைத் தொடவில்லை. அது பாட்டுக்கு "இருக்கியா?" என்று கேட்கிறது. "ஓகே" என்று பதில் வருகிறது. இது நம் ஆள் இல்லை என்று கொல்கிறது. எழுப்பி மறுபடி கேட்கிறது. மறுபடி ஓகே. மறுபடி கொலை. வார்த்தையைப் பழையபடி வைத்தால் உடனே சரியாகிவிடும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாழ்க்கையில் அந்த அளவுக்கு நான் சந்தோஷப்பட்டதில்லை என்று சொன்னால் அசிங்கம்தான். ஆனால் உண்மை.

"ஸ்பீக்கர்ல போடுங்க. டைரக்டரைக் கூப்பிடுங்க."

டைரக்டர் வந்தார். "சொல்லும்மா, என்ன பண்ணணும்?"

"முதல்ல நீங்க சொல்லுங்க சார். இதை யார் எழுதினது?"

"இப்ப அதுவாம்மா முக்கியம்?"

"எனக்கு அதுதான்."

பையைத் தோளில் மாட்டியபடி அம்மா வந்து நின்றாள். "என்னடி? யாரு?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். அப்பா செய்ததை இவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது, இப்போது அது நின்றது, எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரிந்தது, எல்லாவற்றையும். அவள் முகம் என்னென்னவோ ஆயிற்று.

"அதுல என்ன ஓடும்?"

"ரத்த ரிப்போர்ட்."

"அப்ப எவளோ ஒருத்தி வயித்தைப் பிடிச்சுட்டு லேப் வாசல்ல உக்காந்திருப்பா இல்ல?"

"உக்காரட்டும். அப்பா எத்தனை நாள் உக்காந்திருந்தாரு?"

"சொல்லுடி."

"அம்மா, இவனுங்க..."

"இவனுங்க நாசமாப் போகட்டும். அவரு செஞ்சது நின்னு போய்க் கெடக்குது. அதை நிக்க விட்டுட்டு நீ பேரம் பேசிட்டிருக்க. நாளைக்கு என்ன சொல்லுவானுங்க? அந்த ஆள் வச்சது சரியில்லன்னு சொல்லுவானுங்க. எழுப்பி விடு."

கையை எடுத்துவிட்டுச் சொன்னேன். "அந்த வார்த்தையைத் திரும்ப வைங்க. இருக்கேன்பா. எழுத்து மாறாம."

விசைகள் தட்டும் சத்தம். யாரோ யாரையோ திட்டினார்கள். பிறகு ஹூடிக்காரர் பெருமூச்சு விட்டார். "வந்துருச்சு. எல்லாம் வந்துருச்சு."

"தேங்க்ஸ்மா" என்றார் டைரக்டர். "உங்க விஷயத்தை நாங்க பாத்துட்டு சொல்றோம்."

பாத்துட்டு சொல்றோம். போனை வீசி எறியக் கை ஓங்கிவிட்டேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"சார், நான் அவரு சம்சாரம் பேசறேன். பாத்துட்டு சொல்றோம்னுதான் அவருகிட்டயும் சொன்னீங்க. குளிக்கும்போதுகூட போனை என் கையில கொடுத்துட்டுப் போனாரு. நான் போனைப் பிடிச்சுட்டு பாத்ரூம் வாசல்ல நின்னிருக்கேன் சார், நீங்க கூப்பிடுவீங்கன்னு. எனக்கு நீங்க ஒண்ணும் எழுதித் தர வேணாம். இங்க எல்லாரும் சும்மா இருந்தாருன்னு சொல்றாங்க. சும்மாவா இருந்தாரு? வாயைத் திறந்து சொல்லுங்க."

அந்தப் பக்கம் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அறை முழுக்க ஆட்கள் இருந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம். டைரக்டர் எழுந்து போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அம்மா." ஹூடிக்காரரின் குரல். "அவர்தான்மா பண்ணினாரு. இங்க ஓடற எல்லாம் அவர் பண்ணினது. அவர்தான் எங்க டெவாப்ஸ் என்ஜினியர்."

அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. சொல்ல வேண்டியவன் எழுந்து போய்விட்டான். சொன்னவர் சொல்ல வேண்டியவர் இல்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "சொன்னதுக்கு அந்தப் பிள்ளைக்கு வேலை போயிருந்தா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே ஹெச்ஆர் மெயில் அனுப்பினாள். டாஸ்க் வேண்டாமாம். நேரடியாகச் சேரலாமாம். பதவி: டெவாப்ஸ் என்ஜினியர். ஊரிலேயே வேலை, வீட்டிலிருந்து ஒரே பேருந்து. நான் தேடி வந்ததும் இதைத்தான். படித்ததும் ஒரு வரி பதில் எழுதினேன்.

"அந்த இடம் காலி இல்லை. அதில் ஏற்கெனவே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்."

"புத்தி இருக்கா உனக்கு?" என்றாள் அம்மா. "வீம்பு. அப்படியே அவரு."

இப்போதும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதே கட்டடம், வேறு மாடிகள். சின்ன டாஸ்க் என்ற சொல் வந்ததும் எழுந்து வந்துவிடுகிறேன். கேன்டீனில் இந்நேரம் என்னைப் பற்றியும் பேசியிருப்பார்கள். பேசட்டும்.

போன ஞாயிறு மாமா வந்தார். என் நிலைமையைக் கேட்டுவிட்டு வழக்கமான பெருமூச்சோடு ஆரம்பித்தார். "அப்பாவும் சும்மா வீட்டுல இருந்தாரு, இப்ப பொண்ணும்..."

"அண்ணா" என்றாள் அம்மா. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். "அவரு சும்மா இல்ல. டெவாப்ஸ் என்ஜினியரு."

"எந்தக் கம்பெனில?"

அம்மா கட்டடத்தைச் சொன்னாள். மாடியைச் சொன்னாள். கம்பெனியின் பெயரைச் சொன்னாள். மாமா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வேலையில சேந்தாரா? எப்ப? என்கிட்ட சொல்லவே இல்லையே. இப்ப அந்த இடத்துல யாரு இருக்கா?"

"அவருதான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.